ஊளை வதம்: காஜா பெராங் ஒலிபெருக்கிப் பெரும்போர்

கம்பிச்சுருள் அணிந்த தோளனே, கூர்ஞ்செவிக் குரிசிலே, காஜா பெராங் ஊர் கண்ட ஒலிபெருக்கி வேந்தே, பொன்னுதுரையே, உன் புகழ் பாடப் புகுந்தோம், செவிசாய்ப்பாயாக.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவாரம், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திடலில் கொண்டாட்டக் கூட்டம். அதற்கு முந்திய மாதம்தான் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையை வாழ்த்தும் வேளையில், பொன்னுதுரையின் ஒலிபெருக்கிக் குழாய் நாய்போல் ஊளையிட்டிருந்தது. விழாத் தலைவர் மாணிக்கவாசகம் திருவாய் மலர்ந்தார்: "துரை, இந்தத் தடவையும் ஊளையிட்டா, இனிமே எல்லா விசேஷத்துக்கும் கிளேபாங் ஊரு மைக்செட்டு ஆளைத்தான் கூப்பிடுவேன்."

ஒரு குடும்பத்தின் சோறு அந்தக் குழாயின் தொண்டையில் தொங்கியது.

எனவே திரண்டது எங்கள் சபை. ஞாயிறுதோறும் கூடி, அவரவர் கண்டுபிடித்த கோளாறுகளைப் பெற்ற பிள்ளைகளைப்போல் மெச்சிக்கொள்ளும் சோதனையாளர் சபை. தெங்கேராவில் ரேடியோ பழுதுபார்க்கும் சுப்பையன் வந்தார். சினிமாக் கொட்டகையில் ஒலியைக் கவனிக்கும் ஜெயபாலன் வந்தார். எதையும் பழுதுபார்க்கத் தெரியாவிட்டாலும் எதிலும் குறை சொல்லத் தெரிந்த நானும் குடையோடு வந்தேன்.

சனிக்கிழமை நண்பகலில் திடலில், பேட்டரியோடு கம்பி பூட்டியதும், மூண்டது போர். "ஹலோ, ஒன், டூ, திரீ" எனப் பொன்னுதுரை இடிமுழக்கம் செய்ய, சுப்பையன் சிங்கமென இரும, ஜெயபாலன் குயிலும் நாணும்படி ராகம் இழுக்க, நானோ தெருக்கோடியில் நின்று, கேட்டால் குடையை உயர்த்துவதும் கேளாவிட்டால் தாழ்த்துவதுமாகிய போர்க்குறி காட்டித் தோள் வீங்கினேன். இரண்டு மணிக்கு மைக்கைக் குழாய்க்குப் பின்னால் நகர்த்தினோம், ஊளையரக்கன் மாண்டான்.

வென்ற படை வீடு திரும்பும். நாங்கள் திரும்பவில்லை.

சோறு கொண்டுவந்த பொன்னுதுரையின் மனைவி பூங்காவனம், "நல்லாத்தானே கேக்குது? அணைச்சுட்டுச் சாப்பிட வாங்க," என்றாள்.

"உங்களுக்குக் கேக்குது, தங்கச்சி. கடைசி வரிசையில காது மந்தமான ஆள் உக்காந்தா?" என்றார் சுப்பையன்.

"மழை பேஞ்சா?" என்றார் ஜெயபாலன்.

"தலைவர் பேசுறப்ப தும்மிட்டா?" என்றேன் நான்.

சபை நடுங்கியது. இப்படியொரு அபாயத்தை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. நால்வரும் மாறி மாறித் தும்மினோம். பொய்த்தும்மல் செல்லாது என்று ஜெயபாலன் தீர்ப்புரைக்கவே, மிளகாய்ப்பொடி தருவித்து மெய்த்தும்மலும் தும்மினோம். காதில் பஞ்சடைத்துக் கேட்டோம். குழாய்மேல் குடம் குடமாய் நீர் வார்த்துக் கேட்டோம். ஐந்தே முக்கால்வரை அந்த மாகுழாய் ஓயாது முழங்கிற்று.

ஆறு மணி. திடல் நிறைந்தது. மாணிக்கவாசகம் மாலையோடு எழுந்தார், மைக்கைப் பற்றினார், "பெரியோர்களே" என்றார். அவர் உதடு அசைந்தது முன்வரிசைக்குத் தெரிந்தது. பின்வரிசைக்கு அதுவும் இல்லை. பொன்னுதுரை திருகாத திருகு இல்லை.

"துரை, சத்தமே வரல."

"ஊளையும் வரலீங்களே, ஐயா."

பேட்டரி தீர்ந்துபோயிருந்தது.