கூடவே ஓர் ஆள் இருக்கோணும்

எங்கம்மாவின் கண் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கோயமுத்தூரில் ஆப்பரேஷன். முடிந்ததும் எங்கள் வீட்டுக் கீழ் அறையில் பத்து நாள் படுத்திருக்க வேண்டும். வெள்ளகோவிலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் என் தம்பியும் நானும் பொங்கலுக்கு முன்பே பேசி முடித்த விஷயம். அப்போதெல்லாம் தலையை ஆட்டிய என் வீட்டுக்காரர், அம்மா வரவேண்டிய வாரத்தில், சோற்றில் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொல்கிறார்:

"அம்மணி, உங்கொம்மாவை அடுத்த மாசம் வரச் சொல்லிப்போடு."

"ஏனுங்க?"

"கீழ் ரூமுக்கு ஆள் வருது. ஜெர்மனி விஞ்ஞானி. பொம்பளைதான்."

"ஜெர்மனிக்காரிக்குப் படுக்க எங்கம்மா கட்டில்தான் கெடைச்சுதுங்களா?"

"உனக்கு என்ன புள்ள தெரியும்? விசா தெரியுமா, பாஸ் தெரியுமா?"

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் விசாவைப் பற்றி என்னைக் கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். என் வீட்டுக்காரர் பாலுசாமிக்கு ஊருக்கு வெளியே இருக்கும் சோள ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பாஸ் கொடுக்கும் பிரிவுக்கு அவர்தான் பெரியவர். எந்த நாட்டு விஞ்ஞானியும் இவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அந்தச் சட்டங்கள் தினமும் ரசத்தோடு சேர்த்து எனக்கும் பரிமாறப்படும். சுற்றுலா விசாவில் வந்தவர் கேட்டைத் தொடக்கூடாது. டில்லியிலிருந்து கடிதம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். கேமராவை வாசலில் கழற்றி வைக்க வேண்டும். திரும்பும்போது பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு சோளமணி ஒட்டியிருந்தாலும் போச்சு. உள்ளே இருக்கும் வரை நிலையத்து ஆள் ஒருத்தர் கூடவே இருக்க வேண்டும். கக்கூஸ் வாசல் வரைக்கும்.

ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர் விமானம் மாறி, ரயில் மாறி, கேட் வரைக்கும் வந்துவிட்டார். விசா வேறு மாதிரி இருந்ததாம். வெயிலில் நிற்க வைத்து, ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார் இவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்த நடையைப் பார்க்க வேண்டுமே! எல்லையில் சண்டை போட்டுவிட்டு வந்த பட்டாளத்துக்காரர் தோற்றார்.

அதைவிடக் கொடுமை மாரப்பன் விஷயம். அதே நிலையத்தில் கெஸ்ட் அவுஸைப் பார்த்துக்கொள்கிறவர். வீடு அடுத்த வீதி. ஊருக்குப் புதுசாக வந்த ஒரு ஜப்பான்காரரை வீட்டுக்குக் கூட்டிப்போய் இலை போட்டுச் சோறு போட்டார். வெளிநாட்டுக்காரரை வீட்டுக்கு அழைப்பதானால் டைரக்டரிடம் முன் அனுமதி வாங்க வேண்டுமாம். வாங்கவில்லை என்று போட்டுக் கொடுத்தது என் வீட்டுக்காரர். மாரப்பனுக்கு மெமோ. சோறு போட்டதற்கு மெமோ! அன்றிலிருந்து மாரப்பன் பெண்சாதி என்னைக் கண்டால் காய்கறி வண்டியை விட்டு அக்கட்டால் நகர்ந்து போகிறாள்.

அதனால் கேட்டேன்.

"டைரக்டர்கிட்ட அனுமதி வாங்கிட்டீங்களா?"

அவர் குரல் சட்டென்று இறங்கியது.

"கேட்டா அவரே தன்ற ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. அடுத்த வருசம் ஒரு ஆளைப் பயிற்சிக்கு ஜெர்மனி கூப்பிடறாங்களாமா. இந்தம்மா கை காட்டற ஆளுதான். நம்மூட்டுல நாலு நாள் சாப்பிட்டா யாரைக் காட்டும், சொல்லு?"

"கெஸ்ட் அவுஸ் இருக்குதுங்களே?"

"தண்ணி வர்றதில்லைன்னு சொல்லிப்போட்டேன். வந்த அன்னைக்கு கேட்ல பாஸ் போட்டுக் குடுத்துட்டு, மக்யா நாள்ல இருந்து ரெண்டு வாரம் லீவு. கூடவே இருந்து ஊர் சுத்திக் காட்டோணுமல்ல? நீ ஒப்புட்டுச் சுட்டு வை. வாயை மட்டும் தொறக்காதே."

"எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியறதில்லீங்க."

"இத்தனை நாள் பார்க்காததை இந்த ஒரு மாசத்துல என்னத்தப் பார்த்துப்போடப் போவுது?"

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. போன மாதம்தான் எங்கம்மா வாசற்படி தெரியாமல் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டது. பேத்தியின் முகத்தைக் கையால் தடவித்தான் யாரென்று சொல்கிறது. இந்த மனுசன் ஜெர்மனிக்குப் போய் என்னத்தைப் பார்க்கப் போகிறார்?

அவரிடம் நான் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. தம்பிக்கும் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே மாரப்பன் வீட்டுக்குப் போனேன்.

"என்னங்க, அதிசயமா இருக்குது?" என்றாள் அவர் பெண்சாதி, கதவைப் பாதிதான் திறந்து.

"வியாழக்கிழமை எங்கூட்டுல விருந்துங்க. ரெண்டு பேரும் கண்டிப்பா வரோணும்."

"என்ன விசேஷமுங்க?"

"ஜெர்மனியில இருந்து விருந்தாடி வந்து தங்கறாங்க. கெஸ்ட் அவுஸ்ல தண்ணி வர்றதில்லையாமா."

உள்ளே பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. மாரப்பனே எழுந்து வந்தார்.

"அனுமதி வாங்கியாச்சுங்களா?"

"எனக்கு என்னங்க தெரியும்? நான் ஆறாவது."

கதவு முழுதாகத் திறந்தது. காப்பி கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த அம்மா வந்தது. பேர் ஹில்டா. நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைய வேண்டிய உயரம். அதன் மேலும் கோபப்படலாம் என்றுதான் இருந்தேன். பாவம், யாரோ சொல்லிக் கொடுத்த "வணக்கம்" ஒன்றை வைத்துக்கொண்டு எனக்கும் சொன்னது, பக்கத்து வீட்டுக்கும் சொன்னது, எங்கள் நாய்க்கும் சொன்னது. அன்று காலையில் கேட்டில் இதன் கைப்பையை இவர்தான் கவிழ்த்தாராம். அதையும் பெருமையாக என்னிடம் சொன்னார்.

இலை போட்டு, எங்கள் பக்கத்துப் போளியான ஒப்புட்டை வைத்தேன். இவர் இங்கிலீஷில் பொழிந்துகொண்டிருந்தார். அந்த நேரம் வாசலில் குரல்.

"ஏனுங்க பாலுசாமி, சௌக்கியமுங்களா? அம்மணி வந்து கூப்பிட்டாங்க. தட்ட முடியலீங்க."

இவர் வாய்க்குப் போன ஒப்புட்டு பாதி வழியில் நின்றது. மாரப்பனும் பெண்சாதியும் உட்கார்ந்தார்கள். மாரப்பன் அவசரமே படவில்லை. பருப்பைப் பிசைந்தார், நெய் கேட்டு வாங்கினார், ருசி பார்த்தார்.

"அருமைங்க. ஜப்பான்காரருக்கும் அன்னைக்கு இதே பருப்புத்தானுங்க போட்டோம்."

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

"சாப்பிடறேனுங்க. முன் அனுமதி எப்பங்க வாங்குனீங்க?"

"அது... வந்துட்டிருக்குது."

"அதுக்குள்ள விருந்தாடி வந்துட்டாங்களாக்கு? சரி, கெஸ்ட் அவுஸ்ல தண்ணி இல்லைன்னீங்களாமா. மத்தியானம் நாந்தானுங்க மோட்டார் போட்டேன். தொட்டி நெம்பி வழியுது."

அப்புறம் அந்த அம்மா பக்கம் திரும்பி எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் 'பர்மிஷன்' எங்கள் வீட்டில் பழகின வார்த்தை. அந்த அம்மாவுக்கும் காலையிலிருந்து பழகியிருந்தது. முகம் வெளுத்துவிட்டது. இவரிடம் என்னவோ கேட்டது. இவர் "நோ பிராப்ளம், நோ பிராப்ளம்" என்றார். கைப்பையில் ஒரு சோளமணியைத் தேடிய மனுசன் நோ பிராப்ளம் என்றால் யார் நம்புவார்கள்? மாரப்பன்தான் எனக்குத் தமிழில் சொன்னார்: இந்த விசா வாங்க மாசக்கணக்கில் அலைந்ததாம். திரும்பவும் இந்த நாட்டுக்கு வரவேண்டுமாம். எழுந்து கை கழுவி, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டது.

"இருங்க, நானும் வாரேன். தனியா உடக்கூடாதில்லீங்களா?" என்று மாரப்பன் கூடவே போனார். ஒப்புட்டுகளை இலையில் கட்டி அவர் பெண்சாதியிடம் கொடுத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கதவைச் சாத்தியதும் இவர் குதித்தார்.

"அவனை எதுக்குக் கூப்பிட்டே?"

"வெளிநாட்டு ஆள் கூட நிலையத்து ஆள் ஒருத்தர் இருக்கோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"நான் இருந்தனே புள்ள!"

"நாளையில இருந்து நீங்க லீவுங்களே."

டைரக்டர் காதுக்கு விஷயத்தைக் கொண்டு போகவில்லை மாரப்பன். ஆனால் கொண்டு போகாமல் இருப்பதை இவருக்குத் தினமும் ஞாபகப்படுத்தினார். அதனால் லீவை ரத்து செய்யக்கூட இவர் நிலையத்துப் பக்கம் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து எங்கம்மா ஆட்டோவில் வந்து இறங்கியது, கண்ணில் கட்டோடு. தம்பி கைத்தாங்கலாகப் பிடித்திருந்தான். "தனியா உடக்கூடாது, கூடவே ஓர் ஆள் இருக்கோணும்னு டாக்டர் சொன்னாருங்க மாமா" என்றான். எனக்கு அடுப்படியில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. நான் இவரைப் பார்த்தேன்.

"மாப்பிள்ளைங்க, உள்ள வரலாமுங்களா?" என்றது எங்கம்மா, கேட்டைக் கையால் தடவிக்கொண்டு.

இவர் கேட்டைத் திறந்தார். பையை வாங்கினார். கையைப் பிடித்தார். அந்தப் பத்து நாளும் சட்டத்தில் ஓர் இம்மி பிசகவில்லை. எங்கம்மா போகிற இடமெல்லாம் கூடவே போனார், கக்கூஸ் வாசல் வரைக்கும்.