வேர்ஷன் வட்டவிதானை

பொத்துவிலில் இருந்து கல்முனை வரைக்கும் கரையோரமாகப் பஸ்ஸில் வந்து பாருங்கள், எத்தனை வகை மனிதர்கள்! பஸ் நிற்க ஒரு கட்டை தூரம் இருக்கும்போதே எழும்பி வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவர், யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் தன் மச்சினனுக்குச் சுகமான மருந்தையே சொல்பவர், விருந்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து இறைச்சித் துண்டின் அளவைப் பார்த்தே விருந்து கொடுத்த வீட்டின் குணத்தைக் கணிப்பவர். இவர்களையெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அண்மையில் முளைத்து மளமளவென்று பெருகிவரும் இன்னொரு வகை. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வேர்ஷன் வட்டவிதானை.

வயல் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டவிதானை என்பவர், எந்த நாளில் எந்த வாய்க்காலைத் திறப்பது, யாருடைய காணிக்கு முதலில் தண்ணீர் விடுவது என்று பார்க்கிற ஆள். அவர் சொல்லாமல் வரப்பில் வக்கடையை வெட்டித் தண்ணீர் பாய்ச்சினால் ஊர் இரண்டுபடும். நம்முடைய ஆளும் அப்படித்தான். ஆனால் அவரிடம் வயலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு வீடியோ விளையாட்டுத்தான் இருக்கிறது.

என்ன விளையாட்டு? கட்டிகளை உடைத்து எடுத்து, அதே கட்டிகளை அடுக்கி, வீடோ பாலமோ மனம் போனதைக் கட்டுகிற விளையாட்டு. வெல்வதும் இல்லை, தோற்பதும் இல்லை. நீங்கள் கட்டுவதெல்லாம் சேர்ந்து ஓர் உலகம் ஆகும். கட்டார் நாட்டில் இருக்கிறவரும் கல்முனையில் இருக்கிறவரும் ஒரே உலகத்துக்குள் வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்று கட்டலாம். ஆனால் இரண்டு பேரிடமும் ஒரே வேர்ஷன் இருக்கவேண்டும். ஒருவர் புதியதை ஏற்றி மற்றவர் பழையதில் இருந்தால் கதவு திறக்காது. புதியதில் ஒருமுறை திறந்த உலகம் பழையதற்குத் திரும்பியும் வராது. இந்த இரண்டு சட்டங்களும் இல்லாவிட்டால் வட்டவிதானைக்கு வேலையே இல்லை.

கல்முனைக் கடைத்தெருவுக்குள் போன் திருத்துகிற கடை வைத்திருக்கும் றஸ்மியை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தி நாலு வயது, மெலிந்த உடம்பு, மெலியாத பேச்சு. நீங்கள் சார்ஜர் வாங்கப் போனால் சார்ஜர் தருவதற்கு முன்பு உங்கள் போனை வாங்கி, கேட்காமலே தானாக அப்டேட் ஆகிற வழியை அடைத்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். "இப்ப ஏத்தாதீங்க. ரெண்டு கிழமை பாப்பம்" என்பது அவருடைய முதல் வாசகம். "புதுசில பூச்சி இருக்கு" என்பது இரண்டாவது. சம்மாந்துறையில் இருந்து வந்த ஒரு வயற்காரப் போடியார் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எந்தப் பூச்சி எண்ணெய் அடிக்கிற?" என்று கேட்டார். றஸ்மி சிரிக்கவில்லை. பூச்சியைப் பற்றிக் கதைக்கும்போது அவர் சிரிப்பதில்லை.

அவருடைய கணினியைத் திறந்தால் அந்த விளையாட்டின் எல்லா வேர்ஷனும் இருக்கும். ஒரே உலகத்தை அப்படியே நகலெடுத்த பதினாறு கொப்பியும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு: பழசு, நல்ல பழசு, நோன்புக்கு முந்தின பழசு, தொடாதே, தொடவே தொடாதே. "தொடவே தொடாதே"யைத் திறந்து பார்த்தீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "தொட்டாத்தானே திறக்கலாம்" என்றார்.

கேலி பண்ணுகிறேனே ஒழிய, நியாயத்தையும் சொல்லவேண்டும். அந்த உலகம் யாருடையது தெரியுமா? றஸ்மியின் மூத்த சகோதரி, சுல்பிகா ராத்தாவின் கணவர் பர்ஸானுடையது, அவர்களின் மகள் அப்ராவுடையது. பர்ஸான் கட்டாரில் டிரைவர். நம்முடைய பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாவின் தலைக்கு மேல் ஒரு சீதன வீடு வந்து உட்கார்ந்துவிடும், கட்டிக் கொடுக்காமல் இறங்காது. அப்ராவுக்குப் பதினொரு வயது. சாய்ந்தமருதில் அவளுடைய வளவில் அத்திவாரமும் நாலு தூணும் நிற்கின்றன, தூணுக்கிடையில் பக்கத்து வீட்டு ஆடு நிற்கிறது. ஆனால் விளையாட்டுக்குள்? இரண்டு மாடி, எட்டு ஜன்னல், கிணறு, கிணற்றடியில் மாதுளை. வாப்பா அங்கிருந்து போனிலும் மகள் இங்கிருந்து டெப்லட்டிலும் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு வந்து வந்து கட்டியது. பர்ஸானின் போன் புதிய வேர்ஷன் எதையும் ஏற்காத கிழட்டுப் போன். அவரையும் மகளையும் ஒரே வேர்ஷனில் பிடித்து வைத்து, உலகத்தைக் கடைக் கணினியிலிருந்து ஓடவிட்டு, ஒருமுறை டெப்லட் தானாக அப்டேட் ஆகிக் கதவு மூடியபோது இரண்டு நாள் குந்தியிருந்து பழையதை மீட்டுக் கொடுத்தவர் றஸ்மிதான். அந்த வீடு இன்றைக்கும் நிற்கிறதென்றால் அவரால்தான் நிற்கிறது.

கூரை ஒன்றுதான் பாக்கி.

புதுக் கொம்பனிக்கு மாறியதில் இருந்து பர்ஸானுக்கு வெள்ளியும் லீவு இல்லை. இரண்டு பெருநாளுக்கும் காலையில் தொழுதுவிட்டு எட்டு மணி டியூட்டிக்குப் போகும் வரைக்கும்தான் அவருடைய நேரம். ஆகவே வாப்பாவும் மகளும் பேசி முடிவெடுத்தார்கள்: நோன்புப் பெருநாள் அன்று கூரை. சிவப்புக் கட்டிகளை அப்ரா ஒரு மாதமாகச் சேர்த்து வைத்தாள்.

நோன்பின் கடைசிக் கிழமையில் விளையாட்டுக்குப் புதிய அப்டேட் வந்தது. வட்டவிதானை விடுவாரா? உலகத்தை மூடினார். பெருநாளுக்குள் எல்லாவற்றையும் சோதித்து, அந்த நாளில் தன் கையால் திறப்பதாக அறிவித்தார். கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார். அதில் கட்டார்ப் போனின் வேர்ஷன், டெப்லட்டின் வேர்ஷன், கணினியின் வேர்ஷன், இரண்டு நாட்டுக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம், கரண்ட் போனால் எந்த பெட்டரி, பெட்டரி போனால் யாருடைய ஜெனரேட்டர் என்பது வரை எழுதியிருந்தது. அவ்வளவையும் வாசித்துவிட்டு நானே மெச்சினேன்.

இருபத்தொன்பதாம் நோன்பு இரவு கொழும்பிலிருந்து செய்தி வந்தது: பிறை தென்படவில்லை, நோன்பு முப்பது. ஊரெல்லாம் "இன்னொரு நாளா?" என்று முனகியபோது சந்தோசப்பட்ட ஒரே மனிதர் றஸ்மி. சோதிக்க ஒரு நாள் கூடக் கிடைத்துவிட்டதே! மறுநாள் காலையிலேயே கடையைத் திறந்து பதினேழாவது கொப்பியை எடுக்கத் தொடங்கினார். போன் கண்ணாடி மாற்றுவதற்காக நானும் அங்கே நின்றேன், அதனால் நடந்ததைக் கண்ணால் கண்டேன்.

ஒன்பதரை மணி இருக்கும். சுல்பிகா அபாயா காற்றில் பறக்கப் படியேறி வந்தா. பின்னால் டெப்லட்டை நெஞ்சோடு அணைத்தபடி அப்ரா. சுல்பிகாவின் கையில் இருந்த போனில் பர்ஸானின் குரல்.

"றஸ்மி, தொறந்து உடு. மச்சான் வந்து நிக்கிறார்."

"நாளைக்குத்தானே ராத்தா பெருநாள்? தாளைப் பாருங்க."

"ஒனக்கு நாளைக்கு. அவருக்கு இண்டைக்கு! அங்க தொழுது, வட்டிலப்பமும் திண்டு போட்டு இரிக்கிறார் மனிசன்."

றஸ்மியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினாறு கொப்பியும் இத்தனை வேர்ஷனும் விரல்நுனியில் வைத்திருக்கிற மனிதர், நிமிடக் கணக்கில் நேர வித்தியாசம் எழுதிய மனிதர், பெருநாளுக்கும் இரண்டு வேர்ஷன் உண்டென்பதை மறந்துவிட்டார். அதுவும் எங்கே? பிறை கண்டது காணாதது பற்றி வருசா வருசம் ஒரே வீட்டுக்குள் காக்காவும் தம்பியும் வேறு வேறு நாளில் பெருநாள் எடுக்கிற நம்முடைய ஊரில்!

"அல்லாஹ்வே" என்றார். பிறகு நிமிர்ந்தார். வட்டவிதானை அல்லவா? "கொஞ்சம் பொறுங்க. கொப்பி ஒண்டு ஓடுது. முடிஞ்சதும் தாறன்."

எல்லோரும் திரையைப் பார்த்தோம். முப்பத்தெட்டு நிமிடம் மீதி என்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பத்தொன்று ஆனது.

"மச்சான்," போனுக்குள் இருந்து பர்ஸான், "எனக்கு அரை மணித்தியாலம்தான் இருக்கு. வாகனத்தை எடுக்கணும்."

"மச்சான், கொப்பி எடுக்காமத் தொறந்தா வீடு போனாலும் போகும். புது அப்டேட்டோட சோதிச்சுப் பாத்த நேரம் ரெண்டு தரம் ஜன்னல் எல்லாம் காணாமப் போச்சு. நான் பொறுப்பெடுக்க மாட்டன்."

"பதினாறு கொப்பி இரிக்கிதே!" என்றா சுல்பிகா. "பதினேழாவது என்னத்துக்கு? ஊறுகாய் போடவா?"

"அதுகள் பழசு ராத்தா. கிணத்தடி மாதுளை அதுகள்ல இல்ல."

சிரிப்பு வந்தது எனக்கு. ஆனால் அப்ராவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. டெப்லட்டைத் திருப்பிக் காட்டி, "மாமா, வாப்பா வெளிய நிக்கிறார்" என்றாள். அவ்வளவுதான். போனுக்குள் யாரோ ஒருவர் பெருநாள் தக்பீர் சொல்வது தூரத்தில் கேட்டது.

பிறகு பர்ஸான் மெதுவாகச் சொன்னார்: "வீடு போனாப் போகட்டும் மச்சான். இன்னொருக்காக் கட்டுவம். புள்ளையோட கட்டுறதுக்குத்தானே நான் கேக்கிறன்."

றஸ்மி கணினிப் பக்கம் திரும்பினார். கையைக் காற்சட்டையில் துடைத்தார். மவுசைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். முப்பதாம் நோன்பு, தண்ணீர் கேட்கவும் முடியாது மனிதருக்கு. "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் கொப்பி ஓடுவதை நிறுத்தினார். பழைய வேர்ஷனிலேயே உலகத்தைத் திறந்துவிட்டார்.

வீடு போகவில்லை. எட்டு ஜன்னலும் இருந்தன. வாசலில் பர்ஸானின் உருவம் வந்து நின்று துள்ளியது. அந்த விளையாட்டில் ஸலாம் சொல்லக் கை இல்லை, துள்ளல்தான். அப்ரா தரையில் சப்பாணி கொட்டி உட்கார்ந்தாள். "வாப்பா, அந்தப் பக்கத்தால வாங்க." "எந்தப் பக்கம் மகள்?" "கிணத்துப் பக்கம். நான் இஞ்சால இருந்து வாறன்." இருபத்திரண்டு நிமிடம் சிவப்புக் கட்டிகள் ஏறின. றஸ்மி கணினிக்கு முன்னால் நின்று, எங்கே பூச்சி வருமோ என்று ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரே ஒரு வரிசை இருக்கும்போது பர்ஸானுக்கு நேரம் வந்துவிட்டது.

"மிச்சத்த நான் போட்டு முடிக்கட்டா வாப்பா?"

"வேணாம் மகள். இரிக்கட்டும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ரெண்டு பேரும் போடுவம்."

மறுநாள் நம்முடைய பெருநாள். தொழுகைத் திடலில் புது சேட்டோடு றஸ்மியைக் கண்டு கைகொடுத்து முஸாபஹா செய்தேன். "ஈத் முபாறக்" என்பதற்கு முன்னால் அவர் சொன்னது: "மூண்டு கொப்பி எடுத்திட்டன்." அவற்றின் பெயர்களையும் சொன்னார்: கூரை, கூரை தொடாதே, மழைக்கு மூடவும்.

சரி, சிரித்தீர்கள். உங்கள் வீட்டு சோபாவின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை, இல்லையா? ஷோகேஸுக்குள் இருக்கிற பீங்கான் கோப்பைகளில் யாராவது தேநீர் குடித்திருக்கிறார்களா? வெளிநாட்டிலிருந்து வந்த அத்தர் போத்தல், நல்ல நாளுக்கென்று வைத்து வைத்து, பாதி தானாகவே காற்றில் போனதே? விளையாட்டே தெரியாத உங்களுக்கும் இந்த வேலை இருக்கிறது என்பதற்காகக் கேட்கிறேன்.

நானும் விதிவிலக்கில்லை. இதை எழுதி முடித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஒரு வசனம் சரியாகட்டும், ஒரு கிழமை பார்ப்போம் என்று போனிலேயே வைத்திருந்தேன். கடைசியில் நேற்றுக் காலை, அனுப்புவதற்கு முன் எதற்கும் ஒரு கொப்பி எடுத்து வைப்போமே என்று றஸ்மியின் கடைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. நம்முடைய ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறதே, வியாபாரம் கொட்டுகிற நாளில் எங்கே போனார் இவர் என்று கதவைப் பார்த்தேன். நூலில் ஒரு தாள் தொங்கியது:

"இண்டைக்குக் கட்டார்ப் பெருநாள். கூரை வேலை இருக்கு. நாளைக்கு வாங்க."

போனைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றேன். எனக்குப் பின்னால் இன்னொருவரும் வந்து நின்று, "எதுக்கும் ஒரு கொப்பி எடுத்து வைப்பம் எண்டுதான் வந்த" என்றார். பெயர் கேட்கவில்லை. உங்களை எனக்குத் தெரியாதா?