ஐந்து மணி அறிக்கை

நாற்காலிகளை எடுத்துவிட்டு மெத்தை போட்டால் கதை கொட்டும் என்று மேலாளருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். போட்ட அன்று மதியம் கேட்டது குறட்டைதான்.

"எழுந்திருங்க தாடி. கதை என்னாச்சு?"

"யோசிச்சிட்டு இருக்கேன் சார்," என்றார் தாடி, கண்ணைத் திறக்காமலே.

அந்தப் பதிப்பகத்தின் நகைச்சுவைப் பிரிவில் எழுத்தாளர்கள் இரண்டே பேர். ஒருவர் தாடி, இன்னொருவர் கண்ணாடியம்மா. இருவரும் மகா திறமைசாலிகள் என்று சொல்லித்தான் முதலாளி அவர்களை மேலாளர் கையில் ஒப்படைத்திருந்தார்.

"திறமை மலர்ற மாதிரி சூழலை உண்டாக்குங்க. மாசக் கடைசிக்குள்ள இருபது சிரிப்புக் கதை வேணும். இல்லேன்னா பிரிவை மூடிட்டு உங்களைப் பழையபடி கிடங்குக்கே அனுப்பிடுவேன்."

கிடங்கில் பதினோரு வருஷம் புத்தகக் கட்டுத் தூக்கி, தும்மித் தும்மி மேலே வந்தவர் மேலாளர். கிடங்கு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குத் தும்மல் வந்துவிடும்.

போதாக்குறைக்கு முதலாளிக்கு ஒரு பழக்கம். அன்றன்று நடந்ததை மேலாளர் தன் கைப்பட எழுதி, மாலை ஐந்து மணிக்குள் அவர் மேசையில் வைத்தாக வேண்டும். இருவரும் தூங்கினார்கள் என்றா எழுத முடியும்? பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மேலாளர் கடைசியில் துணிந்துவிட்டார். தாடியின் தாடிக்குள் ஒரு பூனைக்குட்டி தூங்கிவிட்டது, அதை எழுப்ப மனமில்லாமல் இலாகாவே அசையாமல் இருந்தது என்று எழுதிவைத்தார்.

மறுநாள் மெத்தையைக் கடாசிவிட்டு, சுவரில் மனம்போல எழுதலாம் என்று சுதந்திரம் கொடுத்தார். கண்ணாடியம்மா வீட்டு மளிகைப் பட்டியலை எழுதினார். தாடி அதன் கீழே 'எனக்கும் ஒரு கிலோ சர்க்கரை' என்று சேர்த்தார்.

அன்றைய அறிக்கை: சுவருக்குக் காது உண்டென்பதை மறந்து அதன் எதிரிலேயே அதைக் குறை சொல்லிவிட்டோம். தன்மேல் நாங்கள் எழுதிய கதையை எல்லாம் அது கோபத்தில் விழுங்கிவிட்டது.

"நீங்க பக்கத்துலயே நின்னா எப்படி சார் வரும்?" என்றார் கண்ணாடியம்மா. நியாயம்தானே என்று மேலாளர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் அறையில் ஈ காக்கை இல்லை. இரண்டு பேரும் பின்வாசல் வழியாக சினிமாவுக்குப் போயிருந்தார்கள்.

எழுதிக்கொண்டிருந்த கதையின் நாயகன் கோபித்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டான், சமாதானம் பேசி அழைத்துவர இருவரும் போயிருக்கிறார்கள் என்று அறிக்கை போயிற்று.

அதன் நகலை வீட்டுக்குக் கொண்டுபோனபோது மனைவி படித்துவிட்டாள். "எங்க போயிட்டு வரீங்கன்னு கேட்டா பேந்தப் பேந்த முழிக்கிற மனுஷனா இதை எழுதுனது?"

"கிடங்கை நினைச்சா தானா வருது. என்ன பண்றது?" என்றார் மேலாளர்.

ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்றப் பத்துப் பொய் வேண்டும். இப்படியே அந்த மாதத்தின் இருபது வேலை நாளும் இருபது அறிக்கையோடு ஓடின. முதலாளி எந்த அறிக்கையைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் மேலாளருக்குப் பெரிய பயமாக இருந்தது.

மாதக் கடைசி. கதை என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மேலாளர் மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தபோது அச்சகக்காரர் ஒரு கட்டுக் காகிதத்தோடு உள்ளே வந்தார்.

"கிடங்குக்கு மாத்தின உத்தரவா?" என்று கேட்டபடியே மேலாளர் கையை நீட்டினார்.

முதல் தாளில், அழகான அச்செழுத்தில், பூனைக்குட்டி தாடிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கீழே மேலாளரின் பெயர்.

"இருபது கதையிலயும் பிழை இருந்தா திருத்திக் குடுங்க சார்," என்றார் அச்சகக்காரர். "அடுத்த மாசமும் ஒரு வரிகூட எழுதிடக் கூடாதுன்னு அந்த ரெண்டு பேர்கிட்டயும் முதலாளி கண்டிப்பாச் சொல்லிட்டாரு."