எங்களையெல்லாம் முதலாளியாக்கிய பத்ரோனா அக்கா

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு தமிழ்ப் பெண் நிம்மதியாக வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். பத்ரோனா அக்காவின் கண்ணில் அவள் இன்னும் படவில்லை.

பட்டுவிட்டால் தீர்ந்தது. சிஞ்ஞோரா எனப்படும் இத்தாலிய வீட்டுக்கார அம்மாவின் தரையைத் துடைத்துவிட்டு, பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு சீசாப் பகுதியிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்புகிற அந்த அப்பாவியின் பக்கத்து இருக்கையில் அக்கா வந்து அமர்வார்.

"பிள்ளை, நீ நல்லாச் சமைப்பியே?"

"ஏதோ சமைப்பன் அக்கா."

அவ்வளவுதான். இறங்க வேண்டிய இடம் வருவதற்குள் அவள் ஒரு சாப்பாட்டுக் கடையின் உரிமையாளர் ஆகியிருப்பாள். கடை ஒன்றுதான் இருக்காது.

'பத்ரோனா' என்றால் இத்தாலிய மொழியில் முதலாளியம்மா. "நாங்கள் எல்லாரும் பத்ரோனா ஆக வேணும்" என்று அக்கா போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததால் அந்தப் பெயர் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பெயர் வதிவிட அனுமதி அட்டையில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

இவ்வளவு பெரிய முதலாளியம்மா தான் என்ன தொழில் நடத்தினார் என்று நீங்கள் கேட்கலாம். பொலிதேயாமா பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் துணி தோய்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்பு தொழில் செய்து பார்க்காமலும் இல்லை. பலாரோ சந்தையில் மீன் ரோல்ஸ் விற்றார். உறைப்புக் குறைவாகக் கேட்டவர்களுக்கு உறைப்பின் நன்மைகளை விளக்கினார். வாங்கிக் கடித்து இருமிய ஒருவரிடம், "உமக்கு நெஞ்சிலை சளி, டொக்டரைப் போய்ப் பாரும்" என்றார். அந்த வியாபாரம் படுத்ததும் சிசிலியப் பெண்களின் கூந்தலைத் தேங்காய் எண்ணெயால் காப்பாற்றப் புறப்பட்டார். கூந்தலுக்கு என்ன ஆனதோ, முதல் வாடிக்கையாளரின் சோபா கெட்டுப்போனது. ஒவ்வொரு தொழில் படுத்தபோதும் மிஞ்சிய சரக்கை அவருடைய கணவர்தான் தின்று தீர்த்தார். எண்ணெயை மட்டும் தலையில் தேய்த்துக்கொண்டார்.

தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்பார்கள். அக்கா அதில் நேரத்தை வீணாக்கவில்லை. நேரடியாகப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார்.

நான் அகப்பட்டது ஒரு சேலை பிளவுஸினால். ஒரு பூசைக்கு நானே தைத்த பிளவுஸோடு போயிருந்தேன். அக்கா என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகுப் பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆர் தைச்சது?"

"நான்தான் அக்கா."

"உனக்கு எப்ப கடை திறப்பு விழா?"

எனக்குக் கடை திறக்கும் எண்ணமே இருக்கவில்லை. அக்காவுக்கு இருந்தது. அது போதுமாக இருந்தது. என் கணவர் இதை எதிர்க்கவில்லை. எதிர்ப்பதற்கு அவருக்கு யாரும் அவகாசம் கொடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு சங்கத்தார், வெளிநாட்டுப் பெண்கள் தொழில் தொடங்குவதற்கு இலவச வகுப்பு நடத்தினார்கள். அக்கா என்னையும், மொரீசியஸ் தமிழ்ப் பெண்ணான சாந்தியையும் இழுத்துக்கொண்டு போனார். சாந்திக்குப் பெயரில் மட்டும்தான் தமிழ். சலூன் திறக்க ஆசை. வகுப்பெடுத்தவர் படித்த இளம்பெண், பட்டம் பெற்றவர் என்ற மரியாதையில் எல்லோரும் தொத்தொரெஸ்ஸா என்று அழைத்தார்கள். பலகையில் பெரிய வட்டம் ஒன்றை வரைந்து, அதற்குள் இன்னொரு வட்டம் வரைந்து, நடுவில் 'கனவு' என்று எழுதினார். பிறகு ஒவ்வொருவரிடமும் "உங்கள் கனவு என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். விடியலிலிருந்து படிக்கட்டுத் துடைத்துவிட்டு வந்த பெண்களில் பாதிப் பேர் அதைக் கண்டுகொண்டுதான் இருந்தார்கள், கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியபடி.

அக்காவின் முறை வந்தது. அவர் எழுந்து, கேள்வியைத் திருப்பிக் கேட்டார். இங்கே அக்காவின் இத்தாலியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் வினைச்சொற்களுக்குக் காலமே கிடையாது. நேற்றும் இன்றும் நாளையும் அவருக்கு ஒன்றுதான். "நீ படிக்க, நீ பேச, நீ ஏன் வேறு ஆளுக்கு வேலை செய்ய?" என்றார். தொத்தொரெஸ்ஸா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "உன் பத்ரோன் நல்லவன் இருக்க?" என்றார். தொத்தொரெஸ்ஸா திடீரென்று அழத் தொடங்கினார். வகுப்பின் மிச்ச நேரம் முழுவதும் அவருடைய மேலதிகாரியைப் பற்றி நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

சில கிழமைகளில் அவர் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகச் சிறுபிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்புத் தொடங்கினார். படிப்பிக்க ஆளில்லாமல் எங்கள் வகுப்பு மூடப்பட்டது. அந்த நகரத்தில் எங்களுக்கென்று இருந்த ஒரே உதவியை அக்கா இப்படித்தான் வெற்றிகரமாக முடித்துவைத்தார்.

"அவளின்ரை வாழ்க்கை நல்லா வந்திட்டுது, பாத்தியே?" என்று எங்களிடம் பெருமை வேறு.

அடுத்தது கடைக்கு இடம். போர்கோ வெக்கியோப் பகுதியில் மீன்காரர் சாரோ என்பவருக்கு, தன் மீன்கடைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு சின்ன அறை இருந்தது. அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சாரோ என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கணவனைக் கூட்டிக்கொண்டு வா. பெண்ணை நம்பி நான் அறை கொடுப்பதில்லை" என்றார்.

"புருஷன் தைக்கத் தெரியாது" என்றார் அக்கா. "இவள் தைக்க. இவள் கடை பெரிய கடை. நிறைய ஆள் வர."

காலமில்லாத இத்தாலியத்தின் புண்ணியத்தில், இன்னும் தொடங்காத என் கடை ஏற்கனவே அமோகமாக நடந்துகொண்டிருந்தது. சாரோ மசியவில்லை. கையை வீசி எங்களைப் போகச் சொன்னார்.

நான் போகத் தயார். அக்கா பக்கத்துக் காப்பிக்கடையில் ஒரு கதிரையை இரவல் வாங்கி, மீன் தட்டுக்கு அருகில் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார்.

"அக்கா, வாங்கோ போவம். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"நீ போ பிள்ளை. நான் மீன் பாத்திட்டு வாறன்."

மீன் வாங்க வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் முன்னால் அவர் ஒரு மீனைத் தூக்கி, செவுளை விரித்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, திரும்ப வைத்தார். அந்த மீன் நேற்று வந்ததா நாளை வரப்போகிறதா என்பது அவர் சொன்னதிலிருந்து யாருக்கும் விளங்கவில்லை. முகம் போன போக்கு எல்லோருக்கும் விளங்கியது. அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாள் காசு மேசையில் இருந்த சாரோவின் மனைவியோடு சிநேகிதமாகி, "கடை உன் கடை. நீ பத்ரோனா. இந்த ஆள் வேலைக்காரன்" என்று தொடங்கிவிட்டார். அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாலும், அன்று பின்னேரமே கணவரிடம் தனக்கு ஞாயிறு விடுமுறை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் சாரோ அறைச் சாவியை என் கையில் திணித்தார். "இந்தப் பெண்ணை இங்கிருந்து கொண்டுபோ" என்றார். வாடகை பேசக்கூட அவர் நிற்கவில்லை.

கடை திறந்தேன். மெசினுக்கு எண்ணெய் விட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். ஒருவரும் வரவில்லை. சாரோ மட்டும் தன் ஏப்ரனைத் தைக்கக் கொடுத்தார், அதுவும் இலவசமாக. வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருந்த நான் கையிலிருந்த காசை எண்ணத் தொடங்கினேன். அக்கா எதையும் எண்ணவில்லை.

"வாடிக்கையாளர் வராட்டி நாங்கள்தான் உருவாக்க வேணும்" என்றார்.

அடுத்த நாள் பெரிய மூட்டை ஒன்றோடு வந்தார். அவிழ்த்தால், அவருடைய சிஞ்ஞோராவின் வரவேற்பறைத் திரைச்சீலைகள். கனமான பழைய பட்டு. அடிப்பக்கம் கத்தரிக்கப்பட்டிருந்தது.

"நிலத்திலை இழுபட்டுது பிள்ளை. அதுதான் வெட்டிக்கொண்டு வந்தனான். நீ மடிச்சுத் தை."

"சிஞ்ஞோரா வெட்டச் சொன்னவவோ?"

"சொல்லுவா."

வெட்டு சிசிலியின் கடற்கரையைப்போல வளைந்து வளைந்து போயிருந்தது. தொங்கவிட்டால் கணுக்காலைத் தொடாது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கும்போதே, அக்கா வீட்டில் எழுதி வைத்துவிட்டு வந்த விலாசத்தோடு சிஞ்ஞோரா வாடகைக் காரில் வந்து இறங்கினார். தன் தாய் வீட்டிலிருந்து வந்த பட்டு என்றார். அக்காவைப் பார்த்துச் சொல்லக்கூடியதையும் சொல்லக்கூடாததையும் சொன்னார். கடைசியில், இனி என் வீட்டுப் படி ஏறாதே என்றார். நான் அறிந்த காலத்தில் அக்கா பதில் சொல்லாமல் நின்றது அப்போதுதான்.

"நாளைக்கு வாருங்கள், சரிசெய்து தருகிறேன்" என்று சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது. என்னிடம் அகலக் கரை போட்ட கரும்பச்சைச் சேலை ஒன்று இருந்தது. கரையை வெட்டி, திரைச்சீலையின் அடியில் சுற்றிவரப் பொருத்தித் தைத்தேன். அக்கா பின்னால் அமர்ந்து மிச்சத் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். நான் திரும்பிப் பார்க்காமல் மெசினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

சிஞ்ஞோரா வந்தார், வெகுநேரம் பார்த்தார், கூலியைக் கொடுத்தார், எடுத்துக்கொண்டு போனார். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கிழமை அதே கட்டடத்திலிருந்து இன்னொரு சிஞ்ஞோரா வந்து, தனக்கும் அப்படிக் கரை வேண்டும் என்றார். பிறகு அவருடைய தங்கை வந்தார். கடை நடக்கத் தொடங்கியது.

"நான் திட்டம் போட்டபடியே எல்லாம் நடந்தது, பாத்தியே?" என்றார், வேலையிழந்த என் ஆலோசகர்.

வேலை இல்லாதவர் எங்கே போவார்? என் கடைக்குத்தான். காலையில் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். மஞ்சள் துணி கொண்டுவந்தவரிடம் "இந்த நிறம் உனக்கு வேண்டாம்" என்றார். இடுப்பைத் தளர்த்தித் தரச் சொன்னவரிடம் "பாஸ்தா குறைக்க" என்றார். ஒரு மாதம் பொறுத்தேன். நீலச் சட்டையோடு வந்த ஒரு பெண் கோபித்துக்கொண்டு வெளியேறிய அன்று, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"அக்கா, நாளையிலிருந்து கடைக்கு வராதேங்கோ. வீட்டை வாங்கோ, தேத்தண்ணி போட்டுத் தாறன். இஞ்சை வேண்டாம்."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார்.

"இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளே? அந்த நீலச் சட்டைக்காரியை நான் கலைக்க முந்தியெல்லோ சொல்லியிருக்க வேணும்!"

கைப்பையை எடுத்துக்கொண்டு நேரே சாந்தியின் வீட்டுக்குப் போனார். அதன்பிறகு நடந்தவற்றைச் சாந்தியின் கணவர்தான் சொல்ல வேண்டும். சலூன் திறக்கும்வரை பயிற்சிக்கு அவருடைய தலைதான் அகப்பட்டது, பாவம், அந்தக் கோடை முழுவதும் தொப்பியோடு திரிந்தார். சாந்திக்குப் பிறகு இன்னொருத்தி பலாரோவில் மிளகாய்த்தூள், சரக்குச் சாமான் விற்கும் கடை போட்டாள். அக்காவுக்கும் வேறொரு வீட்டில் வேலை கிடைத்தது. அங்கே திரைச்சீலை இல்லை என்று விசாரித்துக்கொண்டு நான் நிம்மதியடைந்தேன்.

பிறகு அவருடைய கணவருக்கு ஜெனோவாவில் ஒரு உணவகத்தில் நல்ல வேலை வந்தது. இருவரும் கப்பலில் புறப்பட்டார்கள். அன்று பின்னேரம் வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனேன். நான் மட்டும்தான் வருவேன் என்று நினைத்திருந்தேன். சாந்தி முடி வெட்டும் மேலங்கியோடு நின்றாள். சரக்குக்கடைக்காரி நின்றாள். பஸ்ஸில் அக்காவிடம் அகப்பட்ட இன்னும் பல பேர் நின்றார்கள்.

அக்கா கப்பலின் மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கண்டார். கையசைக்கவில்லை. கத்தினார்.

"எல்லாரும் இஞ்சை வந்து நிண்டால் கடையளை ஆரடி பாக்கிறது? பின்னேரம்தானே சனம் வாற நேரம்! விசரியளே, போங்கோ, போய்த் திறவுங்கோ!"

கப்பல் ஊதியதில் மிச்சம் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. நாங்கள் ஒருவரும் போகவில்லை. அந்தக் கப்பல் கண்ணுக்குத் தெரிந்தவரையில் எங்கள் கடைகள் எல்லாம் பூட்டித்தான் கிடந்தன.