புகை நின்ற நாள்

பக்கத்து ஆலைக்காரர்கள் அன்றைக்குப் பார்த்துதான் கொதிகலனை நிறுத்த வேண்டுமா? புகைபோக்கியில் ஒரு கீற்றுகூட இல்லை. ஊருக்கெல்லாம் நல்ல காற்று. சிராஜுதீனுக்கு மட்டும் மூச்சு முட்டியது.

அந்தப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து எரிபொருளாக்கும் சின்ன ஆலைக்கு அவர்தான் மேலாளர். வளைகுடா வேலையை விட்டுவிட்டு இதை நம்பித் திருநெல்வேலிக்குத் திரும்பியவர். மகள் அஃப்ரா அதன் பிறகுதான் அவரை 'மாமா' என்பதை விட்டுவிட்டு 'வாப்பா' என்கிறாள்.

சென்னையிலிருந்து ஒருவர் அன்று பார்க்க வருவதாகத் தலைமை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். முதலீட்டாளர்தான், வேறு யார்? ஓட்டிக் காட்டினால் ஆலை பிழைக்கும். இல்லாவிட்டால் மறுபடி விசா.

சோடாவில் அடைப்பதும் அதே கரியமில வாயுதானே! வண்ணார்பேட்டை சோடா கம்பெனி தாஜ் முகம்மதுவுக்குப் போன் போட்டார்.

"இருக்கிற கேஸ் சிலிண்டர் பூராத்தையும் அனுப்பும்வே."

"அது இன்னைக்கு ஒம்ம கொழுந்தியா நிக்காஹ் சோடாவுக்குல்லா வச்சிருக்கேன்! பிரியாணி தின்னுட்டு சனம் என்னத்தக் குடிக்கும்?"

"தண்ணி குடிக்கட்டும்வே! எம் பொழப்பு போவுது."

சிலிண்டர்கள் வந்தன. மாட்டியதும் கரண்டு போனது. ஜெனரேட்டரைப் போட்டார். அது பாதியில் திணறியது. தன் காரிலிருந்த டீசலையும் உறிஞ்சி ஊற்றினார். புகையைத் தின்ன வேண்டிய ஆலை, ஊர் முழுக்கக் கரும்புகை விட்டது.

மனைவி ஸமீஹா போனில் வந்தாள்.

"சோடா இல்லன்னு மாப்பிள வீட்டு ஆளுவ எந்திரிச்சிட்டாவ. தூக்கிட்டுப் போனது நீங்கதானாமே! இனி இந்தப் பக்கம் வராதீய."

கடைசியில் ஒரே ஒரு பாட்டில் எரிபொருள் சொட்டியது. அதற்குள் ஒரு டிரம் டீசல் காலி.

விருந்தாளி வாடகைக் காரில் வந்து இறங்கினார். பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழாய்களைச் சாவியால் சுரண்டினார், தொட்டியைத் தட்டினார்.

"இன்னும் ரெண்டே வருசம் சார், இந்த எரிபொருள டீசல் வெலைக்கே குடுத்திரலாம்" என்றார் சிராஜுதீன். இதையே அவர் நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் எவர்சில்வரா?"

"அசல் எவர்சில்வர் சார்!"

வந்தவர் முகம் மலர்ந்தது. சிராஜுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சினி கோபம் என்ன, பெண்டாட்டி கோபம் என்ன, காலில் விழுந்தாவது ஆற்றிவிடலாம். பிழைப்பு நிலைத்ததே, அது போதும்.

கார் ஓட்டி வந்த நேசையா வியர்வையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்தார்.

"மிசின அமத்திப் போடுங்க அண்ணாச்சி. ஒங்க ஹெட் ஆபீஸ்ல பழைய இரும்புக்குப் பேசி முடிச்ச சாமானாம், சூடு ஆறினாத்தான லாரில ஏத்த முடியும்?"