வாள் கொடுக்காத மகாராஜா

உலகத்தில் எந்த ராஜாவுக்கும் இல்லாத உயிர்ப்பயம், கே.ஜி.கண்டிகை ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவருக்கு உண்டு. ‘மகாராஜா’ என்று கேட்டால் கைகாட்டுவார்கள். சொந்தப் பெயர் அவர் லைசென்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரி கழுவ வந்து, லாரிகளுக்கு முதலாளி ஆனவன். என்னை ஏமாற்றுகிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட என்னையே மேடையில் வியர்க்க வைத்தவர் இவர்.

வருஷா வருஷம் எங்கள் தெருத் திருவிழாவில் ஒரு நாடகம். செலவு என்னுடையது, அதனால் வேஷமும் உண்டு. கதை சின்னது. எதிரி நாட்டு மந்திரி சாமியார் வேஷத்தில் வந்து ராஜாவிடம் வாளைக் கேட்பான். நிஜச் சாமியார் என்று நம்பி ராஜா கொடுப்பார். அந்த வாளாலேயே சாவார். மந்திரி நான்; ராஜா அவர்.

சிக்கல் என்னவென்றால், ராஜா ஏமாந்து சாவதை அவரால் தாங்க முடியவில்லை. “அவ்ளோ பெரிய ராஜாவுக்கு கண்ணு இல்லியா?” என்று ஒத்திகையிலேயே சண்டை. திருவிழா நெருங்க நெருங்க அந்தச் சந்தேகம் ஆட்டோவிலும் ஏறிக்கொள்ளும். டீக்கடைக்காரர் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் கிளாஸைத் தொடுவார். ஒருநாள் மலைக்கோயிலுக்குச் சவாரி வந்த காவிக்காரரின் தாடியைப் பிடித்து இழுத்தே பார்த்துவிட்டார். அலறல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

“மன்னிச்சுக்கோங்க சாமி, ஒங்களுது ஒரிஜினல்” என்று வாடகை வாங்காமல் கொண்டுபோய் விட்டார்.

போன வருஷம் வாளைக் கொடுக்கவே இல்லை. ராஜா உயிரோடு நிற்கும்போதே திரையை இழுத்து மூடினோம்.

இந்த வருஷம் முன்வரிசையில் நகரியிலிருந்து வந்த என் புதுச் சம்பந்தி குடும்பம். நாடகத்தைப் பற்றி அவர்களிடம் ஏகத்துக்கும் அளந்து வைத்திருந்தேன்.

மேடையில் கை நீட்டினேன். “மன்னா, வாளைத் தா!”

அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “சாமி, காதாண்ட தாடிநூல் தெரியுதே.”

கூட்டம் சிரித்தது. சம்பந்தி எழுந்தேவிட்டார். “இன்னா பாவா, ராஜா சாவ மாட்டாரா?”

தாடிக்குள் வாயை மறைத்துக்கொண்டு கெஞ்சினேன். “நைனா, குடுத்துடு நைனா. என் மானம் போய்க்கினு இருக்குது.”

“குடுத்தா செத்துடுவாரேண்ணா.”

“எனக்காகடா.”

இடுப்பு வாளை உருவினார். பிறகு தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார்: “நீ சாமியார் இல்லேன்னு எனக்குத் தெரியும். ஆனா கேட்டுட்ட. எடுத்துக்கோ.”

நாடகத்தில் இல்லாத வசனம். அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய வாள்தான். அதை ஓங்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவர் சாய்ந்தபோது சம்பந்தியம்மா வாய்விட்டு அழுதார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆட்டோ என் வீட்டு வாசலில் நின்றது.

“வாளைக் குடுண்ணா.”

“நீதானப்பா எனக்குக் குடுத்த?”

“ஆங், குடுத்தது ராஜா. கேக்கறது நான்.”

இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருஷமும் தாடி எனக்குத்தான். இழுத்தடிப்பார், என் மானமும் போகும். போகட்டும். என்றைக்காவது நான் கேட்டதும் என்னை முழுசாக நம்பி, மறுபேச்சில்லாமல் வாளை நீட்டிவிட்டால், அன்றைக்குத்தான் எனக்கு நிஜமான பயம்.