மெஷின் மேல் குற்றமில்லை, மச்சான்

நெரவி,
மாசி 20, செவ்வாய்க்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மைத்துனர் ஜெயபிரகாஷ் அவர்களுக்கு, தங்கள் தங்கை அமுதத்தின் கணவன் நீலமேகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், அமுதம், தங்கள் மருமகள் தமிழ்மொழி, பசு, கன்று யாவரும் சுகம். சம்பா அறுவடை முடிந்தது. உரக்கடையில் கூட்டம் குறைவு. அங்கு பாரிசில் தாங்களும் அன்னபூரணி அக்காவும் குளிருக்குத் தப்பி நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. பதினேழு நாளாகத் தாங்கள் எங்கள் போனை எடுக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அன்று அமுதம் தங்களிடம், "அண்ணே, நீ வாங்கிக் குடுத்த மெஷின் தண்ணியக் குடிச்சு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு வயித்தால போவுது" என்று சொன்ன நேரம் பார்த்து போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பாதி சேதி தங்களுக்கு வந்துவிட்டது, மீதி பாதி இங்கேயே நின்றுவிட்டது. அந்த மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் கோபம் வந்து வைத்துவிடுவீர்கள். கடிதத்தை வைத்தாலும் திரும்ப எடுத்துப் படிக்கலாம் அல்லவா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தங்கள் மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது மட்டுமில்லை, தங்கள் மருமகள் செய்த காரியத்தைக் கேட்டால் அங்கே தாங்கள் வேலை பார்க்கும் ஓட்டலில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுப்பீர்கள்.

பள்ளிக்குத் தாங்கள் வாங்கிக் கொடுத்த குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை நவம்பர் ஒன்றாம் தேதி, நம் புதுச்சேரி விடுதலை நாள் கொடியேற்றத்தோடு சேர்த்துத் திறந்து வைத்தோம் அல்லவா? பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்ற முறையில் நான்தான் ரிப்பன் வெட்டினேன், தாங்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், தலைமை ஆசிரியை பிரதீபா அம்மா முதல் டம்ளரைப் பிடித்தார், பிள்ளைகள் கை தட்டினார்கள். மெஷினில் ஒரு நீல விளக்கு எரியும். அன்றிலிருந்து ஊரில் யார் வந்தாலும் பள்ளிக்கு அழைத்துப்போய், "பாருங்க, நீல விளக்கு எரியுது, அப்படின்னா தண்ணி சுத்தம்" என்று காட்டுவது என் வழக்கமாகிவிட்டது. சம்பந்தம் பேச வந்தவர்களைக்கூட ஒருமுறை அழைத்துப்போனேன். பெண் பார்க்க வந்தது பக்கத்து வீட்டுக்கு.

பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்த ரெண்டாவது வாரம் மூணாங்கிளாசுல நாலு பேர் வரலை. மறுநாள் ஒன்பது பேர். வெள்ளிக்கிழமைக்குள்ள இருபத்து மூணு பிள்ளைங்களுக்கு வாந்தியும் வயித்துப்போக்கும். எங்க எதிர்வீட்டு தாமரைச்செல்வி, எட்டு வயசுதான் ஆவுது, காரைக்கால் ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டுக் கிடந்தா. போய்ப் பார்த்தேன் மச்சான், வாய் ஓயாம பேசுற குட்டி, உதடு காய்ஞ்சு, என்னைப் பார்த்து சிரிக்கக்கூடத் தெம்பில்லாம இருந்தா. எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு. நேரா பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து, அங்க மிளகாய்ப்பொடி போட்டு மாங்காய் விக்கிற முகைதீன் பிச்சை அண்ணனை, "இனிமே இந்தப் பக்கம் வண்டியோட வந்தா நடக்கிறதே வேற" என்று விரட்டிவிட்டேன். அவர் வண்டியைத் திருப்பும்போது, "தலைவரே, நாலு நாளா உடம்பு முடியாம நான் கடையே போடலைங்க, இன்னிக்குத்தான் வந்தேன்" என்றார். அது என் காதில் விழுந்தது. ஆனால் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் விழாத மாதிரி நின்றுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் அறிவியல் டீச்சர் சுகிர்தா ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு அட்டைப்பெட்டி நிறையச் சின்னச் சின்னக் குப்பிகளோடு வந்தார். குப்பிக்குள்ள மருந்து தோய்ச்ச காகிதத் துண்டு ஒண்ணு இருக்கும். கோடு வரைக்கும் தண்ணி புடிச்சு மூடி, வெதுவெதுப்பான இடத்துல ரெண்டு நாள் வைக்கணும். தண்ணி அப்படியே இருந்தா பயமில்லை, கறுப்பானா அதுல கழிவுக் கிருமி இருக்குன்னு சந்தேகப்படணும். எட்டாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட குடுத்து, ஊர்ல அஞ்சு இடத்துல தண்ணி புடிக்கச் சொன்னார். நம்ம தமிழ்மொழி கோயில் குளம், அடிபம்பு, எங்க வீட்டுக் குழாய், கடையில விக்கிற கேன், பள்ளிக்கூடத்து மெஷின் என்று அஞ்சையும் புடிச்சு, பேர் எழுதி ஒட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்துட்டா. வெதுவெதுப்பான இடம் எதுன்னு வீட்டுல பெரிய விவாதம். கடைசியில இன்வெர்ட்டர் மேல வச்சோம். அமுதம் அது ஏதோ சாமி காரியம்னு நெனச்சு அஞ்சுக்கும் பொட்டு வச்சுட்டா.

ரெண்டாம் நாள் காலையில பார்த்தா கோயில் குளத்துக் குப்பி கறுப்பு. அது நியாயம், அதுல எருமை குளிக்குது. பக்கத்துல இன்னொண்ணு அதைவிடக் கறுப்பு. எடுத்து ஒட்டியிருந்த பேரைப் படிச்சேன். "பள்ளி மெஷின்."

உண்மையைச் சொல்றேன், எனக்கு வந்தது பயமில்லை, கோவம். "பேனா மையை ஊத்தினியா?" என்று தமிழ்மொழியைக் கேட்டேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. தங்கள் அம்மா பார்க்குற பார்வை, தங்களுக்கே தெரியும். "நம்பலைன்னா நீங்களே புடிச்சு வைங்கப்பா" என்று புதுசா ஒரு குப்பியை என் கையில குடுத்துட்டு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நானே போனேன், நானே புடிச்சேன். யாரும் கை வச்சிடக்கூடாதுன்னு ரெண்டு நாளும் அதை பனியனுக்குள்ளேயே வச்சிக்கிட்டு கடையில உக்காந்திருந்தேன், உடம்புச் சூடும் ஆச்சு, காவலும் ஆச்சு. ரெண்டாம் நாள் மத்தியானம் வெளியில எடுத்துப் பார்க்கிறேன், தார் மாதிரி இருக்கு. அந்நேரம் பூச்சிமருந்து வாங்க வந்த ஒருத்தர், "அண்ணே, இந்தப் புது மருந்து எந்தப் பூச்சிக்கு? எனக்கும் ரெண்டு குடுங்க" என்றார்.

அன்னிக்கே பிரதீபா அம்மா குழாயைப் பூட்டிட்டு, பிள்ளைங்க வீட்டுலேருந்து கொதிக்கவச்ச தண்ணி கொண்டாரணும்னு சொல்லிட்டாங்க. ஊருக்குள்ள பேச்சு கிளம்பிடுச்சு. "பிரான்சுலேருந்து பழைய மிஷினைத் தள்ளிவிட்டுட்டான்யா" என்று டீக்கடையில தங்கள் பேர் அடிபட்டது. மெஷின் வாங்கினதே காரைக்கால்லதான்னு சொன்னாலும் யாரும் கேக்கலை. சனிக்கிழமை, நவம்பர்ல மெஷினை மாட்டின பிளம்பர் செல்லையனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். டார்ச் அடிக்க தமிழ்மொழியும் வந்தா. பின்பக்க மூடியைக் கழட்டினா, உள்ள ஃபில்டர் மூணும் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம அப்படியே புதுசா, கம்பெனி ஸ்டிக்கரோட இருக்கு! ஒரு சொட்டு தண்ணி படலை. தொட்டியிலேருந்து வர்ற குழாய் மெஷினுக்குள்ள போகாம, பின்னாலேயே சுத்தி நேரா டேப்புக்குப் போவுது. விளக்கு மட்டும் கரண்டுல எரியுது.

"ஏன்டா செல்லையா இப்படிப் பண்ணினே?" என்று கத்தினேன்.

"தலைவரே, நீங்கதானே சொன்னீங்க?" என்றான்.

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. திறப்பு விழா அன்னிக்கு ஃபில்டர் வழியா தண்ணி வர நேரமாவும்னு அவன் சொன்னான். அங்க தாங்கள் வீடியோவுல காத்திருக்கீங்க, இங்க பிரதீபா அம்மா டம்ளரோட நிக்கிறாங்க. "மச்சான் லைன்ல இருக்காருடா, இப்போதைக்கு நேரா குடு, சாயங்காலம் மாத்திக்கலாம்" என்று அவன் காதுல சொன்னது நான்தான். சாயங்காலம் அவனுக்கு வேற ஊர்ல வேலை. எனக்கு சாயங்காலம் முழுக்க போட்டோ அனுப்புற வேலை. மூணு மாசம் பிள்ளைங்க குடிச்சது வெறும் தொட்டித் தண்ணி மச்சான். ஃபில்டர் இல்லாத குழாய்க்கு மேல நான் நீல விளக்கைக் காட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

சரி, தொட்டித் தண்ணியாவது ஏன் கெட்டுச்சுன்னு மாடிக்கு ஏறினோம். தொட்டிக்கு மூடியே இல்லை, உள்ள ஒரு புறாக் குடும்பம் வாழ்ந்து முடிஞ்சு போயிருக்கு. கார்த்திகைப் புயல்ல மூடி பறந்திருக்கணும்னு செல்லையன் சொன்னான். மூடி எப்படி இருக்கும்னு கேட்டேன். வட்டமா, கறுப்பா, நடுவுல குமிழ் வச்சு இருக்கும்னான்.  வீட்டுக்கு ஓடினேன். மாட்டுக் கொட்டகையில நம்ம பசு அதுலதான் தவிடு தின்னுக்கிட்டு இருந்துச்சு. அமுதத்தைக் கேட்டா, "புயலன்னிக்கு வானத்துலேருந்து வந்து விழுந்துச்சு, நல்ல சாமான்னு எடுத்து வச்சேன்" என்கிறா. ஆக, தங்கள் குடும்பத்துக்கும் இதுல ஒரு பங்கு உண்டு என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தாமரைச்செல்வியின் அப்பா முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷினைக் கழற்றிக் குப்பையில் போடவேண்டும் என்று ஒருவர், போலீசுக்குப் போகவேண்டும் என்று ஒருவர். அப்போது நான் எழுந்து நின்றேன் மச்சான். "மெஷின் நல்ல மெஷின். வாங்கிக் கொடுத்தவர் நல்ல மனிதர். குழாயை மாற்றிக் கொடுக்கச் சொன்னது நான், மறந்ததும் நான். பிள்ளைகள் படுத்ததற்கு நான்தான் பொறுப்பு" என்று ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னேன்.  தாமரைச்செல்வியின் அப்பா கட்டியிருந்த கையைப் பிரித்து எழுந்தார். பிறகு, "மொதல்ல தொட்டியக் கழுவுங்க நீலமேகம். மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றார். அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவரும் நானும் செல்லையனும் சேர்ந்துதான் தொட்டியைத் தேய்ச்சோம். பிளீச்சிங் போட்டு ரெண்டு தடவை கழுவி, மூடியைக் கம்பி வச்சுக் கட்டி, குழாயை மெஷினுக்குள்ள விட்டு, ஃபில்டர் கவரைப் பிரிச்சோம். காரைக்கால் ஆய்வகத்துக்குச் சோதிக்க அனுப்பின தண்ணியும் நல்ல தண்ணின்னு முடிவு வந்துடுச்சு. தமிழ்மொழி புதுசா வச்ச குப்பி மூணு நாள் கண்ணாடி மாதிரி நின்னுச்சு. பிள்ளைங்க எல்லாம் தேறிட்டாங்க. தாமரைச்செல்வி எங்க வீட்டு வாசல்ல மறுபடியும் ஓயாம பேசுறா. முகைதீன் பிச்சை அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வீட்டம்மா அஜீசுன்னிசா டீ குடுத்தாங்க, அவர் ஒரு மாங்காயை அறுத்துப் பொடி போட்டு நீட்டி, "பயப்படாம சாப்பிடுங்க தலைவரே, எங்க வீட்டுத் தண்ணியையும் உங்க பொண்ணு நேத்தே சோதிச்சிட்டுப் போயிடுச்சு" என்றார்.

இப்போ கேளுங்க சேதியை. இனி மாசத்துக்கு ஒருமுறை பிள்ளைங்களே தண்ணியைச் சோதிச்சு கரும்பலகையில எழுதணும்னு பிரதீபா அம்மா முடிவு பண்ணி, அதுக்குத் தமிழ்மொழியைப் பொறுப்பாப் போட்டிருக்காங்க. போன வாரம் கோட்டுச்சேரிமேட்டுப் பள்ளிக்கூடத்துலேருந்து கூப்பிட்டு, மேடையில நிக்கவச்சு, எப்படிச் சோதிக்கிறதுன்னு பேசச் சொன்னாங்க. கடைசி வரிசையில உக்காந்து கேட்டேன். பதிமூணு வயசுப் பொண்ணு, "விளக்கை நம்பாதீங்க, தண்ணியப் பாருங்க" என்று சொல்லுது, அத்தனை டீச்சரும் எழுதிக்கிறாங்க. பக்கத்தில் இருந்தவரிடம், "அது என் பொண்ணுங்க" என்றேன். முன் வரிசைக்காரரிடமும் சொன்னேன். வெளியே வந்து பஸ் கண்டக்டரிடமும் சொன்னேன்.

ஆகவே மச்சான், மனத்தாங்கலை விட்டுவிட்டு போனை எடுக்கவும். தங்கள் பெயர் மெஷினில் துடைத்துப் பளபளப்பாக இருக்கிறது. அன்னபூரணி அக்காவுக்கு என் வணக்கம். இருவருக்கும் நெரவி மாரியம்மன் துணையிருந்து, குளிர் சீக்கிரம் விலகி, வெயில் முகத்தில் படட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இழக்க விரும்பாத,
நீலமேகம்.

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடத் தமிழ்மொழியிடம் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் போடுவேன் என்கிறாள். ஆகவே எழுதுகிறேன். நானாக எழுந்து நிற்கவில்லை. எலி கடித்துக் குழாய் மாறிவிட்டது என்று சொல்லும்படி செல்லையனிடம் முதல் நாளே பேசி வைத்திருந்தேன், அவனும் அப்படியே சொன்னான். பிள்ளைகள் பக்கத்திலிருந்து தமிழ்மொழி எழுந்து, "செல்லையன் மாமா, எலி ஸ்பேனர் வச்சு நட்டைக் கழட்டுமா?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். அதற்குப் பிறகுதான் எழுந்தேன், முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. ரோட்டில் என்னோடு சேர்ந்து நடக்கவே வெட்கப்படுகிற வயசு அவளுக்கு. அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் என் கையைப் பிடித்தவள் வீடு வரை விடவில்லை. ஓடிவிடுவேன் என்று பிடித்தாளா, விழுந்துவிடுவேன் என்று பிடித்தாளா தெரியாது. நானும் கேட்கவில்லை.